மீன் விற்கும் அம்மாவுக்கு வங்கி ஏன் கடன் தரவில்லை?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் பதினெட்டு வருடமாக மீன் எடுத்து விற்கும் உங்கள் அம்மா, தன் கணக்கு இருக்கும் வங்கியிலேயே சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் 50,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். மேலாளர் வருமான வரி ரிட்டர்ன் உண்டா, ஜாமீன் போட அரசு ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதே வாரம் குழு லோன்காரர்கள் வீடு தேடி வந்து 40,000 கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழைக்குக் கணக்கு மட்டும்தானா, கடன் கிடையாதா என்பது நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: பேங்கிலிருந்து வந்த அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. உங்களை எழுத வைத்தது அந்த வரிதான் என்று தோன்றுகிறது. முதல் கேள்விக்கு விதிகளை வைத்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என் சொந்தக் கணக்கையும் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள கிளைகளில். சில வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். உங்கள் அம்மாவின் பாஸ்புக்கையோ அந்த மேலாளரின் கோப்பையோ நான் பார்க்கவில்லை, ஒரு பக்கக் கதை மட்டுமே கேட்டிருக்கிறேன். திட்டங்களின் தொகையும் வட்டியும் அவ்வப்போது மாறும், போகும் முன் கிளையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் வந்தது. அதில் 50,000 ரூபாய் வரையான கடனுக்கு சிசு என்று பெயர். அதற்கான ஆவணப் பட்டியல் மிகச் சின்னது: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இரண்டு போட்டோ, என்ன வாங்கப் போகிறோம் என்பதற்கு ஒரு விலைப்பட்டியல், தொழில் நடப்பதற்கு ஏதாவது ஒரு ஆதாரம். வருமான வரி ரிட்டர்ன் அந்தப் பட்டியலில் இல்லை. பிணை கிடையாது, பரிசீலனைக் கட்டணமும் கிடையாது என்று பட்டியலின் அடியிலேயே போட்டிருக்கும். முத்ராவை விடுங்கள், குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை பிணைச் சொத்து கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. முத்ரா கடன் வாராமல் போனால் வங்கிக்கு ஓரளவு ஈடு செய்ய அரசு உத்தரவாத நிதியும் வைத்திருக்கிறது. ஆக, அரசு ஊழியரை ஜாமீனுக்குக் கூட்டி வா என்றது விதியில் இல்லாத பழக்கம். முனிசிபாலிட்டி கிளார்க் ஒருவர் கையெழுத்துப் போட்டால் கடன் திரும்பி வரும் என்பது எங்கள் தலைமுறை மேலாளர்களின் நம்பிக்கை. பல கிளைகளில் அந்தக் கிளார்க்கே தன் கடனைக் கட்டாமல் இருப்பார், அது வேறு கதை.

அதற்காக, கேட்டால் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. தருவதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. ஆனால் மறுப்பதற்கு ஒரு முறை உண்டு. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்கு ஒப்புகை கொடுத்து, எத்தனை நாளில் முடிவு சொல்வோம் என்றும் சொல்ல வேண்டும். 2 லட்சம் வரையான கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2003-ல் கொண்டுவந்த நியாய நடைமுறை விதி. உங்கள் அம்மாவுக்கு விண்ணப்பப் படிவமே தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பேங்க் கணக்குப்படி அவர் கடன் கேட்கவே இல்லை, யாரும் மறுக்கவும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாயால் அனுப்பிவிட்டால் பதிவேட்டில் ஒரு வரி கூட வராது.

ஏன் அப்படிச் செய்கிறார்கள்? மேலாளர் கெட்டவர் என்று முடித்துவிட்டால் பாதிதான் புரியும். 50,000 ரூபாய்க்கும் 50 லட்சத்துக்கும் எழுத வேண்டிய காகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வருமானம் மட்டும் நூறில் ஒரு பங்கு. மூன்று வருடத்தில் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். போன பிறகு கடன் வாராக்கடனானால், விளக்கம் கேட்டுக் கடிதம் அவரைத் தேடி வரும். கொடுக்காமல் விட்ட கடனுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இன்னொன்று, உங்கள் அம்மாவின் வருமானம் வங்கியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடியற்காலை ஏலத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குச் சங்கராவும் நெத்திலியும் எடுக்கிறார், மதியத்துக்குள் விற்கிறார், சாயங்காலம் பாக்கியைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கைமாறுகிறது. பாஸ்புக்கில் என்ன இருக்கும்? மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், கேஸ் மானியம், அவ்வளவுதான். அதைப் புரட்டுகிறவருக்கு இவர் ஒரு வியாபாரி என்பதே தெரியாது.

இப்போது என் கணக்கு. நான் ஒரு சின்னக் கிளையில் மேலாளராக இருந்தபோது கருவாடு விற்கும் ஓர் அம்மா 20,000 ரூபாய் கேட்டு வந்தார். முதல் தடவை வாசலிலேயே வாட்ச்மேன், "கூடையை வெளியே வெச்சுட்டு வாம்மா" என்றது எனக்குக் காதில் விழுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். எதிரில் நாற்காலி காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே பேசினார், உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்றேன். அடுத்த வாரம் ஆடிட் என்றேன். அப்புறம் மாதக் கடைசி என்றேன். நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து, "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க சார். ஒவ்வொரு தடவ வரும்போதும் எனக்கு ஒரு நாள் யாவாரம் போவுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அன்றைக்கே கடனைப் போட்டுக் கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். கொடுக்கவில்லை. ஏதோ முனகினேன், அவர் போய்விட்டார், திரும்ப வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் "அடுத்த வாரம்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். உங்கள் அம்மா பேசாமல் இருந்த இரண்டு நாளைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது.

இனிச் சொல்வது நான் பார்த்தது. எல்லாக் கிளைக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தில் பெயரைப் படிக்கும் முன் முகவரியைப் படிப்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வலையும் படகும் போன குடும்பங்களின் பழைய கடன்கள் நிலுவையில் நின்றன. அது யாருடைய தப்பும் இல்லை. ஆனாலும் பல வருடம் கழித்துக்கூட ஒரு குறிப்பிட்ட குப்பத்தின் பெயர் முகவரியில் இருந்தால் எங்கள் கிளையில் பேனா தயங்கும். எந்தக் கோப்பிலும் அப்படி எழுதியிருக்காது. காலனித் தெரு முகவரிக்கும் அதே தயக்கம் இருந்தது. சாதி பார்த்துத்தான் மறுத்தார் என்று ஒரு தனி மனிதர் மீது நிரூபிப்பது கடினம், அதனால்தான் விதியே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடியினரின் விண்ணப்பத்தைக் கிளை அளவில் மறுக்கக் கூடாது, ஒரு படி மேலே உள்ள அதிகாரிதான் மறுக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாகப் பதிய வேண்டும். நல்ல விதி. விண்ணப்பத்தையே வாங்காவிட்டால் அதுவும் செல்லாது.

கணக்கு மட்டும் எதற்கு என்று கேட்டீர்கள். இதில் நம் பக்கத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2005-ல் இந்தியன் வங்கி, புதுச்சேரி வில்லியனூர் பக்கம் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவையைக் கொண்டுபோனது. நாட்டிலேயே அப்படி முழுதாக வங்கிக்குள் வந்த முதல் கிராமம் என்று பேசப்பட்டது அதுதான். அடுத்து 2008-ல் மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு, நிதி உள்ளடக்கம் (எல்லோரையும் வங்கிச் சேவைக்குள் கொண்டுவருவது) என்றால் என்ன என்று விளக்கம் சொன்னபோது, தேவையான நேரத்தில், போதுமான அளவு கடன், தாங்கக்கூடிய செலவில் என்பதையும் சேர்த்தே சொன்னது. 2014 ஆகஸ்டில் எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்ற ஜன் தன் திட்டம் வந்தது, கோடிக்கணக்கில் கணக்குகள் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமைகூட முகாம் போட்டிருக்கிறேன். கணக்கை எண்ணுவது சுலபம், மாலைக்குள் மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்பிவிடலாம். நேரத்துக்குக் கிடைத்த கடனை அப்படி எண்ண முடியாது, அதனால் யாரும் எண்ணவில்லை. ஜன் தன் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் 10,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராப்ட் வசதி உண்டு என்பது கணக்கு வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரியாது, நாங்களும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

வங்கி இப்படிப்பட்ட கடனைத் தருமமாகத் தரவில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறு தொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் 12 சதவீதம் நலிந்த பிரிவினருக்கு. சிறு வியாபாரிக்குக் கொடுக்கும் கடன் அந்தக் கணக்கில்தான் ஏறும். அவர் உள்ளே போவது பிச்சை கேட்க அல்ல, வங்கிக்குத் தேவையான ஒரு கடனைக் கொண்டுபோகிறார்.

வங்கி விட்ட இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேசி 8,500 கையில் கொடுப்பார், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 120 சதவீதம். இருந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஏலம் தொடங்கும் முன் பணம் கையில் வருகிறது, படிவம் இல்லை, காத்திருத்தல் இல்லை, அம்மா என்ன செய்கிறார் என்று தண்டல்காரருக்குத் தெரியும். மழையில் வியாபாரம் இல்லையென்றால் நாளைக்குச் சேர்த்துத் தா என்பார். கட்ட முடியாமல் போகும்போதுதான் அவரது இன்னொரு முகம் தெரியும். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் மூன்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது, மூன்று வருடம் வரை சிறை உண்டு. அது தமிழ்நாட்டுச் சட்டம், எல்லை தாண்டிப் புதுச்சேரியின் பாகூர் பக்கம் போனால் பொருந்தாது.

குழு லோன் இதைவிட மேல். வட்டி இருபதிலிருந்து இருபத்தாறு சதவீதம் வரை பார்த்திருக்கிறேன், வங்கியைப் போல் இரண்டு மடங்கு, தண்டலில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் அடமானமாக இருப்பது பக்கத்து வீட்டுப் பெண்களின் முகம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார வேண்டும். "நகைன்னா மீட்டுக்கலாம், பேரு போனா?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறார். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளை அம்மா தெரிந்து வைத்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. திட்டவோ மிரட்டவோ கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல், அங்கே கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வாங்கிய 40,000-ஐ நினைத்து இப்போது வருந்த வேண்டாம். அந்தக் கடனின் விவரமும் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகிறது, தவறாமல் கட்டினால் அம்மாவின் பெயரில் எழுத்தில் பதியும் நல்ல சான்று அது.

நகைக்கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வருடத்தில் உங்கள் அம்மா எத்தனை தடவை வளையலை வைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். நகையோடு வருகிறவரை எந்த வங்கியும் உட்காரச் சொல்லும், அரை மணி நேரத்தில் பணம், எதற்கு என்று யாரும் குடைவதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு மரியாதையோடு கிடைக்கும் ஒரே கடன் அதுதான். மனிதரை நம்பாமல் தங்கத்தை நம்புகிற மரியாதை, அவ்வளவே. நகை இல்லாதவர், பட்டா இல்லாமல் குத்தகைக்குப் பயிரிடுகிறவர், வாடகை வீட்டில் இருப்பவர் எல்லாம் அந்த வாசலுக்கும் வெளியேதான்.

சரி, இனி என்ன செய்யலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் முத்ராவுக்குப் போக மாட்டேன், மாநகராட்சிக்குப் போவேன். கடலூர் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. அம்மா தெருவிலோ சந்தையிலோ விற்கிறவர் என்றால் தெருவோர வியாபாரி அடையாள அட்டை வாங்கலாம், அட்டை இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம். அதை வைத்து ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 15,000, அடைத்தால் 25,000, அதையும் அடைத்தால் 50,000. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியமாகத் திரும்பி வரும். தொகை சின்னதுதான். ஆனால் அதிலே கிடைக்கும் அட்டை, தொழில் செய்கிறார் என்பதற்கு அரசு கொடுத்த காகிதம். முத்ராவுக்குப் போகும்போது அந்த ஒரு காகிதம் வேலையைப் பாதியாக்கும். படகு வைத்திருக்கும் மீனவர்களுக்கு கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் உண்டு, அம்மா வாங்கி விற்பவர் என்பதால் அது அவருக்கு ஒத்துவருமா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள்.

கூடவே, தினம் விற்கும் பணத்தில் ஒரு பகுதி கணக்கு வழியாகப் போய் வரட்டும். கூடையில் க்யூஆர் அட்டை ஒட்டினாலே போதும், ஆறு மாதத்தில் பாஸ்புக் பேச ஆரம்பிக்கும். சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். எடுத்துப் பாருங்கள், அவர் வாங்காத குழுக் கடன் எதுவும் அவர் பெயரில் நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்து அப்படி நின்றிருக்கிறது. கடன் வரலாறே இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்றும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தெருவில் நன்றாக நடக்கும் மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் அதில் சேர்வதும் நல்லது. ஆறு மாதம் ஒழுங்காகச் சேமித்து, கூட்டம் போட்டு, கணக்கு எழுதிய குழுவுக்குப் பிணையில்லாமல் கடன் கிடைக்கும், அதற்கு வட்டியும் குறைவு. ஆனால் குழுத் தலைவி யார் என்று பார்த்துச் சேரச் சொல்லுங்கள்.

முத்ரா கேட்கும்போது தவணைக் கடனாக இல்லாமல் ஓவர்டிராப்ட் போல எடுத்துக் கட்டும் வசதியாகக் கேட்டுப் பாருங்கள். காலையில் எடுத்து மாலையில் கட்டுகிறவருக்கு எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. மாதத் தவணைதான் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் சரக்கு குறையும் என்பதை முதலிலேயே சொல்லி அதற்கேற்ப தவணை போடச் சொல்லுங்கள். மேலாளருக்கு அது தானாகத் தெரியாது, பலர் வெளியூர்க்காரர்கள்.

மறுத்தால் முதலில் அந்த வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448. அவர் கடன் கொடு என்று உத்தரவு போட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு என்று விட்டுவிடுவார். விண்ணப்பம் வாங்கவில்லை, காரணம் எழுதித் தரவில்லை என்பதைத்தான் புகாரில் முன்னே வைக்க வேண்டும். மாவட்டத்தில் வங்கிகளின் கடன் வேலையை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளரையும் பார்க்கலாம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இந்தியன் வங்கிதான் முன்னோடி வங்கி. அனுபவத்தில், அவரிடமிருந்து ஒரு போன் போனால் பாதிக் கிளைகளில் படிவம் தானாகக் கிடைத்துவிடும்.

மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் கூட்டம், அப்போது போகாதீர்கள். பதினைந்தாம் தேதிக்கு மேல், பகல் பன்னிரண்டு மணிவாக்கில் போங்கள், அம்மாவின் வியாபாரமும் அதற்குள் முடிந்திருக்கும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேசுவது அவராக இருக்கட்டும், சங்கரா என்ன விலைக்கு எடுத்து என்ன விலைக்கு விற்கிறேன் என்று அவரைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது. எதிரில் நாற்காலி இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய் ஒன்றில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம், வெளியே வந்து தபால் நிலையத்தில் அதே விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதை அம்மாவின் பாஸ்புக்குக்குள் வைத்துவிடுங்கள்.